'நார்த் பை'யா, 'நார்த் ஆஃப்'பா? ஆங்கிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் திசைகளைச் சரிபார்ப்பது எப்படி?

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மனை வாங்கினேன். பத்திரம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பதிவும் ஆகிவிட்டது. ஓராண்டு கழித்து வீடு கட்ட வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, இடத்தை மதிப்பிட வந்தவர் பத்திரத்தையும் மனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், உங்க மனைக்கு ரோடு எந்தப் பக்கம்?"

"தெக்கே."

"பத்திரத்துல வடக்கேன்னு இருக்கே."

அந்த ஒரு வரியால் என் கடன் இரண்டரை மாதம் நின்றது. யாரும் ஏமாற்றவில்லை. தமிழில் இருந்த தாய்ப்பத்திரத்தின் (விற்றவரிடம் இருந்த முந்தைய பத்திரத்தின்) நான்கெல்லையை ஆங்கிலத்தில் மாற்றிய இடத்தில் 'ஆஃப்' வர வேண்டிய இடத்தில் 'பை' வந்திருந்தது, அவ்வளவுதான். முதன்முறை மனை வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், பெயரின் எழுத்தைப் பார்ப்பார்கள், சர்வே எண்ணைக்கூடப் பார்ப்பார்கள். எல்லை எழுதிய நாலு வரியை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

விற்பவரிடமிருந்து தாய்ப்பத்திரத்தின் முழு நகல் வேண்டும். அதிலும் கடைசியில் இருக்கும் சொத்து விவரப் பக்கம் முக்கியம். பழைய பத்திரங்களில் இதற்குத் 'தபசில்' என்று தலைப்பு இருக்கும். நான்கெல்லையைச் 'சக்குபந்தி' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு சொல்லையும் பார்த்து மிரள வேண்டாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மீது நடந்த பதிவுகளின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எல்லை விவரமும் இருக்கும். அது பத்திரத்தைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டா போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டாவில் உரிமையாளர் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவைதான் இருக்கும். யார் வடக்கே, யார் தெற்கே என்று பட்டா சொல்லாது. அதற்குப் புலப்படம் வேண்டும். எஃப்எம்பி என்று கேட்டால்தான் பல இடங்களில் புரியும். கிராமப்புற நிலங்களுக்கு இதையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். மனைப்பிரிவாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். தாளின் மேல் விளிம்புதான் வடக்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தாளில் அடங்க வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சாய்த்தோ படுக்க வைத்தோ வரைந்திருப்பார்கள்.

2. தமிழ்ப் பத்திரத்தில் 'க்கு' எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

என் மனையின் எண் 18. தாய்ப்பத்திரத்தில் எல்லை இப்படி இருந்தது: "23 அடி அகலக் கிழமேல் ரோட்டுக்கு வடக்கு, மனை எண் 21-க்குத் தெற்கு, மனை எண் 17-க்குக் கிழக்கு, மனை எண் 19-க்கு மேற்கு. இதற்குள்பட்டது."

இதில் 'வடக்கு' என்ற சொல் ரோட்டைப் பற்றியது இல்லை, என் மனையைப் பற்றியது. ரோட்டுக்கு வடக்கே என் மனை இருக்கிறது. அப்படியானால் என் மனையில் நின்று பார்த்தால் ரோடு தெற்கே. மனை எண் 21-க்குத் தெற்கே நான் இருக்கிறேன் என்றால், 21 எனக்கு வடக்கே. பக்கத்துச் சொத்தின் பெயரில் 'க்கு' ஒட்டியிருந்தால், அந்தப் பக்கத்துச் சொத்து எதிர்த்திசையில் இருக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இப்போது எழுதும் தமிழ்ப் பத்திரங்களில் பல, ஆங்கில முறையைப் பார்த்து மாறிவிட்டன. "வடக்கில்: மனை எண் 21" அல்லது வெறுமனே "வடக்கு: மனை எண் 21" என்று இருக்கும். இதில் 'க்கு' இல்லை. இங்கே மனை எண் 21 உண்மையிலேயே வடக்கே இருக்கிறது. ஆக, ஒரே சொத்துக்கு 1985-இல் எழுதிய பத்திரத்தில் 'ரோட்டுக்கு வடக்கு' என்றும், 2015-இல் எழுதியதில் 'தெற்கு: ரோடு' என்றும் இருந்தால் இரண்டும் சரிதான். இதைப் பார்த்து முரண்பாடு என்று அலற வேண்டாம்.

3. ஆங்கிலத்தில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தைக் காட்டும்

இதுதான் என் காலை வாரிய இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'பவுண்டட் ஆன் தி நார்த் பை பிளாட் நம்பர் 21' என்றால், நம் மனையின் வடக்கு எல்லையாக மனை எண் 21 இருக்கிறது என்று பொருள். இதன் சுருக்கம்தான் 'நார்த் பை: பிளாட் நம்பர் 21'. 'ஆன் தி நார்த்: பிளாட் நம்பர் 21', 'நார்தர்ன் பவுண்டரி: பிளாட் நம்பர் 21', வெறும் 'நார்த்: பிளாட் நம்பர் 21' எல்லாமே இதே வகை. திசைப்பெயர் பக்கத்துச் சொத்தைச் சுட்டுகிறது.

'நார்த் ஆஃப் தி ரோடு' என்றால் கதை தலைகீழ். ரோட்டுக்கு வடக்கே நம் மனை. 'டு தி நார்த் ஆஃப் தி ரோடு' என்பதும் அதே. இங்கே திசைப்பெயர் நம் மனையைச் சுட்டுகிறது. நம்முடைய பழைய 'ரோட்டுக்கு வடக்கு' என்பதற்குச் சரியான ஆங்கிலம் இதுதான்.

பொறி எங்கே என்றால், 'டு தி நார்த்: ரோடு' என்று எழுதினால் ரோடு வடக்கே, 'டு தி நார்த் ஆஃப் ரோடு' என்று எழுதினால் ரோடு தெற்கே. நடுவில் ஒரு 'ஆஃப்' வந்ததும் ரோடு மனையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. சிலர் இரண்டையும் கலந்து 'நார்த் ஆஃப்: ரோடு' என்று முக்காற்புள்ளி வைத்து எழுதுவார்கள். அதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படி ஒரு வரி உங்கள் வரைவில் இருந்தால் அடித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள், சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள்.

என் பத்திரத்தில் என்ன நடந்தது? எழுதியவர் தமிழில் 'ரோட்டுக்கு வடக்கு' என்று பார்த்தார். வடக்கு என்றால் நார்த், எனவே 'நார்த் பை: ரோடு' என்று அடித்தார். அதேபோல் 'சவுத் பை: பிளாட் நம்பர் 21', 'ஈஸ்ட் பை: பிளாட் நம்பர் 17', 'வெஸ்ட் பை: பிளாட் நம்பர் 19'. நான்கும் ஒரே மாதிரி தவறாக இருந்ததால் மனை அப்படியே அரைவட்டம் சுற்றித் திரும்பி நின்றது. படிக்கும்போது ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியதால் எவர் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒரு திசை தவறியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

இன்னும் இரண்டு சில்லறைப் பொறிகள் உண்டு. தமிழ்ப் பத்திரத்தில் 'கீழ்புறம்' என்றால் கிழக்குப் பக்கம், 'மேல்புறம்' என்றால் மேற்குப் பக்கம். கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் 'லோயர் சைடு', 'அப்பர் சைடு' என்று வந்து நிற்கும். 'மேற்படி' என்பது 'மேலே சொன்ன' என்ற பொருளில் வருவது. அதற்கும் மேற்குக்கும் சம்பந்தமே இல்லை. தெருப் பெயரில் திசை இருந்தால் இன்னும் குழப்பம். வடக்குத் தெருவின் வடசாரியில், அதாவது வடக்கு வரிசையில், வீடு வாங்கினால், 'சவுத் பை: நார்த் ஸ்ட்ரீட்' என்று எழுத வேண்டி வரும். சரியான வாக்கியம்தான், ஆனால் பார்க்கிறவர் தலையைச் சொறிவார். தெருப் பெயரை மொழிபெயர்க்காமல் 'வடக்குத் தெரு' என்ற ஒலிப்பிலேயே ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

4. ஒரு தாளில் கட்டம் போடுங்கள்

வழக்கறிஞர் வேண்டாம், பொறியாளர் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள், மேலே வடக்கு என்று எழுதுங்கள், நடுவில் உங்கள் மனையை ஒரு கட்டமாக வரையுங்கள். தாய்ப்பத்திரத்தைப் படித்து நான்கு பக்கமும் பெயர் எழுதுங்கள். இன்னொரு தாளில் ஆங்கில வரைவைப் படித்து அதேபோல் எழுதுங்கள். மூன்றாவது தாளில் புலப்படத்தையோ மனைப்பிரிவு வரைபடத்தையோ பார்த்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நான் செய்யாத வேலை.

பழைய பத்திரத்தில் 'ராமசாமி நிலம்' என்று இருப்பது இப்போது வேறொருவர் கையில் இருக்கலாம். பெயர் மாறியிருப்பது பிழை இல்லை. பக்கம் மாறியிருந்தால்தான் பிழை. முடிந்தால் பெயரோடு சர்வே உட்பிரிவு எண்ணையும் எல்லையில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆள் மாறினாலும் எண் அங்கேயே நிற்கும்.

5. மனையில் போய் நின்று பாருங்கள்

கைப்பேசியில் திசைகாட்டிச் செயலி இருக்கும். அதை இரும்புக் கதவுக்குப் பக்கத்திலோ, கார் மீது வைத்தோ, கம்பி கட்டிய தூண் ஓரத்திலோ பார்க்காதீர்கள். முள் எங்கேயாவது காட்டும். மனையின் நடுவில் நின்று, கைப்பேசியை எட்டு வடிவில் சுழற்றிவிட்டு, இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள்.

சூரியனை வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20 வாக்கிலும் செப்டம்பர் 22 வாக்கிலும் மட்டும்தான். மார்கழியில் மனை பார்க்கப் போனால் உதயம் ஏறக்குறைய 23 பாகை தென்கிழக்காகத் தள்ளியிருக்கும். மனை சற்றே கோணலாக இருந்தால் எந்தப் பக்கத்தைக் கிழக்கு என்று சொல்வது என்றே குழம்பிவிடும்.

பக்கத்து மனைக்காரர்கள் யாராவது இருந்தால் பேசுங்கள். அவர்களுடைய பத்திரத்தில் உங்கள் மனை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். சிலர் காட்ட மாட்டார்கள். காட்டினால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

6. அளவிலும் திசை இருக்கிறது

எல்லைக்குக் கீழே அளவு வரும். 'கிழமேல்' என்றால் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் நீளம். 'தென்வடல்' என்றால் தெற்கிலிருந்து வடக்காக ஓடும் நீளம். என் மனைக்குக் கிழமேல் வடபுறம் 27 அடி, கிழமேல் தென்புறம் 30 அடி, தென்வடல் இரண்டு புறமும் 40 அடி. சராசரி எடுத்தால் 28.5 பெருக்கல் 40, ஆக 1,140 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது 2.62 சென்ட் வாக்கில் வரும்.

ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் டு வெஸ்ட் ஆன் தி நார்தர்ன் சைடு: 27 ஃபீட்' என்று எழுத வேண்டும். என் பத்திரத்தில் அளவு சரியாகவே எழுதப்பட்டிருந்தது. வினை அங்கேதான் முற்றியது. எல்லைப்படி ரோடு வடக்கே; அளவுப்படி வடபுறம் 27 அடி; ஆகவே பத்திரத்தின்படி எனக்கு ரோட்டோர அகலம் 27 அடி. இடத்தில் அளந்தால் 30. மதிப்பிட வந்தவர் "மூணு அடி யாருடையது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

'30 பை 40' என்று மட்டும் எழுதினால் எது கிழமேல், எது தென்வடல் என்று தெரியாது. எது முதலில் வர வேண்டும் என்று கட்டாய விதியும் இல்லை. நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாக அளவு எழுதச் சொல்லுங்கள்.

7. 'நார்த் ஃபேஸிங்' வேறு, 'நார்த் சைடு' வேறு

விளம்பரத்தில் வரும் 'நார்த் ஃபேஸிங்' என்பது வடக்குப் பார்த்த மனை. ரோடு வடக்கே இருக்கும், மனை தெருவின் தென்சாரியில் இருக்கும். 'ஆன் தி நார்த் சைடு ஆஃப் தி ஸ்ட்ரீட்' என்றால் தெருவின் வடசாரி. வாசல் தெற்குப் பார்த்திருக்கும். இரண்டும் நேர் எதிர்.

இது விளம்பர ஆங்கிலம் மட்டும் இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, நகரத்து வீடுகளை அவை எந்தத் தெருவைப் பார்த்து இருக்கின்றனவோ அந்தத் தெருவின் வடக்குப் பக்கமா வேறு பக்கமா என்று குறிப்பிடச் சொல்கிறது. அதனால் பத்திரத்தில் இந்த வாசகம் வரும். வாஸ்துவுக்காக வடக்குப் பார்த்த மனை தேடுகிறவர்கள், 'நார்த் சைடு' என்று படித்துவிட்டு மகிழ்ந்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

8. பதிவுக்கு முன்: செலவும் நாளும்

தமிழ்நாட்டில் நான் இதை எழுதும்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மதிப்பு 10 லட்சம் என்றால் 90,000 ரூபாய். இவ்வளவு கட்டிப் பதிகிற தாளை முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்ப்பது மடத்தனம். நான் அப்படித்தான் பார்த்தேன். வரைவைக் குறைந்தது நான்கு நாள் முன்னால் கேளுங்கள். எழுதுகிறவர் "எல்லாம் சரியா இருக்கும் சார்" என்பார். சரி என்று சொல்லிவிட்டு உங்கள் கட்டத் தாளோடு ஒப்பிடுங்கள்.

அவசரப்படத் தேவையும் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. நாள் நட்சத்திரம் பார்த்துப் பதிவு நேரம் வாங்கியிருந்தாலும், எல்லையில் பிழை இருந்தால் வேறு நாள் வாங்குங்கள். காலி மனையாக இருந்தால் ஆயத்தொலைவோடு (அட்சரேகை, தீர்க்கரேகையோடு) கூடிய புகைப்படமும் இணைக்கக் கேட்பார்கள். அந்தப் படத்தை எடுக்கப் போகும் அன்றே 5-ஆவது படியையும் முடித்துவிடலாம்.

9. பதிவாகிவிட்டது, பிழை இருக்கிறது. இப்போது?

பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். முதலில் பதிந்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், விற்றவரும் வாங்கியவரும் இருவருமே வந்து கையெழுத்துப் போட வேண்டும். மூலப் பத்திரம், இருவரின் அடையாள அட்டைகள், இரண்டு சாட்சிகள், அவர்களுடைய அடையாள அட்டைகள் தேவை. திருத்தத்தில் பழைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் வர வேண்டும். 'இப்படி இருந்தது, இப்படிப் படிக்கப்பட வேண்டும்' என்று தவறான வாசகமும் சரியான வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பரப்பு, விலை, சர்வே எண் எதுவும் மாறாமல் எல்லை எழுத்துப் பிழை மட்டும் திருத்தினால் கிரயத்துக்குப் போல 9 சதவீதம் கட்ட வேண்டியதில்லை, சிறிய கட்டணத்தோடு முடியும். திருத்தும் சாக்கில் பரப்பைக் கூட்டினாலோ புதிய சர்வே எண்ணைச் சேர்த்தாலோ அது திருத்தம் ஆகாது. கூடுதல் சொத்து மாறுகிறது என்று தீர்வை கேட்பார்கள்.

எனக்கு எழுத்துக் கூலி, கட்டணம், மதிப்பீட்டாளர் மறுபடி வந்ததற்கு ஒன்று, விற்ற பெரியவரின் பேருந்துச் செலவு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. பணம் பெரிதில்லை. அவர் மனையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். முதல் முறை வந்தபோது மூல அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தார். எழுபது வயதுக்காரரிடம் கோபித்துக்கொள்ளவா முடியும்? சாப்பாடு வாங்கிக் கொடுத்து அனுப்பி, மூன்று வாரம் கழித்து மறுபடி வரவழைத்தேன். விற்றவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டும். வரவே மாட்டேன் என்றால் 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி நீதிமன்றம்தான். ஆகையால் பணம் முழுதும் கொடுத்த பிறகும் விற்றவரோடு பேச்சை விட்டுவிடாதீர்கள்.

சரியாக எழுதிய என் எல்லை இப்போது இப்படி இருக்கிறது: 'நார்த் பை: பிளாட் நம்பர் 21, சவுத் பை: 23 ஃபீட் வைடு ரோடு, ஈஸ்ட் பை: பிளாட் நம்பர் 19, வெஸ்ட் பை: பிளாட் நம்பர் 17'. 2-ஆவது படியில் உள்ள தமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

10. வங்கிக்கு மொழிபெயர்ப்புக் கொடுக்கும்போது

வெளிமாநிலத்தில் அலுவலகம் உள்ள வங்கிகள் தமிழ்த் தாய்ப்பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்கும். இங்கும் அதே வினை நடக்கலாம். மதிப்பீட்டு அறிக்கையில் 'பத்திரப்படி எல்லை', 'இடத்தின்படி எல்லை' என்று இரண்டு பத்தி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு நகராது. கடன் அனுமதிக் கடிதத்துக்குக் காலாவதி நாள் உண்டு, அது முதல் பக்கத்திலோ நிபந்தனைகளின் நடுவிலோ இருக்கும். தேடிப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் தாளைக் கொடுக்கும்போதே உங்கள் கட்டப் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். படம் இருந்தால் யாரும் வடக்கைத் தெற்காக்க மாட்டார்கள்.

திருத்தம் பதிவான சில நாளில் வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்துப் பாருங்கள். பழைய பதிவு அப்படியே இருக்கும், திருத்தம் அதன் கீழே தனிப் பதிவாக வந்திருக்கும். அந்தத் தனிப் பதிவில் எல்லையைத் தட்டச்சு செய்தவரும் பழைய தவறையே செய்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். என்னுடையதில் 'ஈஸ்ட்' இருக்க வேண்டிய இடத்தில் 'வெஸ்ட்' இருந்தது.